அடிவயிறு, தொடை நரம்புகள்: வேர் முதல் தோல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

முன் தொடை மரத்துப்போகிறது என்று ஒருவர் சொன்னால், கோளாறு குறைந்தது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கலாம்: முதுகெலும்பிலிருந்து நரம்பு வெளியே வரும் துவாரத்தில், வயிற்றின் பின்சுவரை ஒட்டிய சோவாஸ் தசையில், அல்லது தொடையிடுக்கில். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல நரம்பின் பெயரும் வேர் எண்ணும் மட்டும் போதாது. அது எந்தத் தசையின் எந்த விளிம்பில் வெளியே வருகிறது, எதைத் துளைக்கிறது, எதன் அடியில் நுழைகிறது என்பது தெரிய வேண்டும். நரம்பு நசுங்குவதும், கத்தியில் மாட்டுவதும் அந்த இடங்களில்தான். அதனால் இங்கே பாதையைப் பிடித்தே போகிறோம். ஒரு வெள்ளைத்தாள், மூன்று வண்ணப் பென்சில்கள், தொட்டுப் பார்க்க உங்கள் சொந்த இடுப்பும் தொடையும் போதும்.

படி 1: பின்னலை வரைந்து பழகுங்கள்

தண்டுவட நரம்பு ஒவ்வொன்றும் துவாரத்தை விட்டு வந்ததும் முன் கிளை, பின் கிளை என இரண்டாகும். பின் கிளை முதுகுத் தசைகளுக்குப் போய்விடும். அதை இங்கே மறந்துவிடலாம். நரம்புகளை அவை வெளிவரும் முதுகெலும்புப் பகுதியை வைத்து எண்ணுவார்கள்: டி என்றால் மார்பு, எல் என்றால் இடுப்பு, எஸ் என்றால் அதற்கும் கீழே. எல்1 முதல் எல்4 வரையிலான முன் கிளைகள் சேர்ந்ததுதான் லும்பார் பின்னல், அதாவது இடுப்பு நரம்பு வலை. பலருக்கு டி12-இலிருந்தும் ஒரு சிறு இழை வந்து எல்1-உடன் சேரும்.

தாளில் மேலிருந்து கீழாக நான்கு கோடுகள் போடுங்கள். எல்1 கோட்டை இரண்டாகப் பிரியுங்கள். மேல் பாதி மீண்டும் பிரிந்து இலியோஹைப்போகேஸ்ட்ரிக், இலியோஇங்குவினல் என்ற இரு நரம்புகளாகும். கீழ்ப் பாதி எல்2-இன் ஒரு சிறு கிளையோடு சேர்ந்து ஜெனிட்டோஃபெமோரல் நரம்பாகும். இனி எல்2, எல்3, எல்4 ஆகிய மூன்றையும் முன்பிரிவு, பின்பிரிவு என இரு வண்ணங்களில் பிளந்து வரையுங்கள். மூன்று முன்பிரிவுகளும் சேர்ந்தால் ஆப்டுரேட்டர் நரம்பு. மூன்று பின்பிரிவுகளும் சேர்ந்தால் ஃபெமோரல் நரம்பு. எல்2, எல்3 பின்பிரிவுகளிலிருந்து தனியாக ஒரு மெல்லிய நரம்பு வெளித்தொடைத் தோலுக்குப் போகிறது. கடைசியாக, எல்4-இன் ஒரு பகுதியைக் கீழே இறக்கி எல்5-உடன் சேர்த்துவிடுங்கள். அது லம்போசேக்ரல் தண்டாகி இடுப்புக் குழிக்குள் இறங்கி, சயாட்டிக் நரம்பு உருவாகும் அடுத்த பின்னலோடு கலக்கும்.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே: முன் தொடைக்குப் போகும் ஃபெமோரல் நரம்பு ஏன் பின்பிரிவிலிருந்து வருகிறது? கருவில் கால் ஒரு சிறு மொட்டாக முளைக்கும்போது, மடக்கும் தசைகள் முன்புறமும் நீட்டும் தசைகள் பின்புறமும் இருக்கும். பிறகு கால் முழுவதும் உட்பக்கமாகச் சுழல்கிறது. பின்னால் இருந்த நீட்டும் தசைகள் முன்னால் வந்துவிடுகின்றன. அவற்றின் நரம்பும் கூடவே வருகிறது. கை இதற்கு எதிராக, வெளிப்பக்கமாகச் சுழல்வதால்தான் முழங்கை பின்னோக்கியும் முழங்கால் முன்னோக்கியும் இருக்கின்றன. இது ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் முன்பிரிவு, பின்பிரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

படி 2: சோவாஸ் தசையை மூன்று வாசல்களாகப் பாருங்கள்

பின்னல் முழுவதும் சோவாஸ் தசையின் உள்ளேயே, இடுப்பு முள்ளெலும்புகளின் பக்கக் கிளைகளுக்கு முன்னால் உருவாகிறது. வரைந்த பின்னலின் மேல் ஒரு நீண்ட கதிர் போல அந்தத் தசையைப் போடுங்கள். வெளி விளிம்பில் மேலிருந்து கீழாக நான்கு நரம்புகள் வெளிவரும்: இலியோஹைப்போகேஸ்ட்ரிக், இலியோஇங்குவினல், வெளித்தொடைத் தோல் நரம்பு, ஃபெமோரல். தசையின் முன் பரப்பைத் துளைத்து வருவது ஜெனிட்டோஃபெமோரல் மட்டும். உள் விளிம்பில் வருவது ஆப்டுரேட்டர். அதற்கும் உள்ளே லம்போசேக்ரல் தண்டு. வெளியே நான்கு, முன்னால் ஒன்று, உள்ளே இரண்டு. எங்களைக் கேட்டால், இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

உடற்கூறு மேசையில் இதைத் தேடும்போது முதலில் தொலைவது ஜெனிட்டோஃபெமோரல்தான். சோவாஸ் மேலிருக்கும் கொழுப்பைச் சுரண்டி எடுக்கும் அவசரத்தில் அதுவும் போய்விடும். சிறுநீர்க்குழாயை அந்த நரம்பு என்று எண்ணிக் குறித்துவிடுவதும் உண்டு, ஏனெனில் சிறுநீர்க்குழாய் அதற்கு முன்னால் குறுக்கே கடக்கிறது. பிரித்தறிய எளிய வழி: வயிற்றறையை உள்ளே போர்த்தியிருக்கும் பெரிடோனியம் என்ற சவ்வை மெல்லத் தூக்குங்கள். சிறுநீர்க்குழாய் அதோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும்; நரம்பு தசையின் மேலேயே படுத்திருக்கும். பின்னலைப் பார்க்கச் சோவாஸை வெட்டி எறியக் கூடாது. வெளிவந்த நரம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் போக்கிலேயே தசை இழைகளைத் துண்டு துண்டாக எடுத்தபடி மேலே ஏறினால் வேர் வரை போய்ச் சேரலாம்.

நோயாளியிடம் இதே அமைப்பு எப்படி வெளிப்படும்? இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கும் ஒருவருக்கு, பக்கத்து இலியாக்கஸ் தசையின் உறைக்குள் இரத்தம் கசிந்து கட்டினால், அந்த இறுகிய உறைக்குள் ஃபெமோரல் நரம்பு நசுங்கும். தொடையிடுக்கில் கடும் வலி வரும். அவர் இடுப்பை மடக்கி வைத்தபடியே படுப்பார், முழங்காலை நீட்ட முடியாது. இதை முதுகுவலி என்று தள்ளிப்போடாமல் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

படி 3: வயிற்றுச் சுவரில் நரம்புகள் ஓடும் தளம்

அடிவயிற்றின் பக்கச் சுவரில் மூன்று தட்டைத் தசைகள் அடுக்காக இருக்கின்றன: எக்ஸ்டெர்னல் ஒப்ளிக், இன்டெர்னல் ஒப்ளிக், எல்லாவற்றுக்கும் உள்ளே டிரான்ஸ்வெர்சஸ். நரம்புகள் ஓடுவது உள்ளிருக்கும் இரண்டுக்கும் நடுவே. டி7 முதல் டி11 வரையிலான மார்புக்கூட்டு நரம்புகளும், கடைசி விலா எலும்பின் அடியில் வரும் டி12 நரம்பும் இந்தத் தளத்தில் முன்னோக்கிச் சென்று, வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் ரெக்டஸ் தசையைத் துளைத்துத் தோலுக்கு வருகின்றன. தொப்புள் மட்டம் டி10, அதற்கும் தொடையிடுக்குக்கும் நடுவில் டி11, டி12, தொடையிடுக்கு எல்1.

ரெக்டஸைத் துளைக்கும் அந்த இடத்தில் நரம்பு சிக்கிக்கொண்டால், விரல்நுனி அளவே உள்ள ஒரு புள்ளியில் தீராத வயிற்றுவலி வரும். குடல்வால், சினைப்பை என்று பரிசோதனைகள் நீண்டுகொண்டே போகும். 1926-இல் கார்னெட் சொன்ன சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். வலிக்கும் புள்ளியில் விரலை வைத்து அழுத்தியபடி, நோயாளியைத் தலையும் தோளும் தூக்கச் சொல்லுங்கள். தசை இறுகும்போது வலி கூடினாலோ குறையாமல் நின்றாலோ கோளாறு வயிற்றுச் சுவரில். குறைந்தால் உள்ளுறுப்பைத் தேடுங்கள், ஏனெனில் இறுகிய தசை அதற்குக் கேடயமாகிவிடுகிறது.

இனி எல்1-இன் இரட்டையர். இலியோஹைப்போகேஸ்ட்ரிக் சிறுநீரகத்துக்குப் பின்னால், குவாட்ரேட்டஸ் லம்போரம் தசையின் மேல் சாய்வாக இறங்கி, இடுப்பெலும்பின் விளிம்புக்கு மேலே டிரான்ஸ்வெர்சஸைத் துளைத்து நமது தளத்துக்குள் நுழைகிறது. ஒரு கிளை பிட்டத்தின் மேல் வெளிப்பக்கத் தோலுக்குப் போகும். மற்றது முன்னேறி இன்டெர்னல் ஒப்ளிக்கைத் துளைத்து, பிறகு எக்ஸ்டெர்னல் ஒப்ளிக்கின் வெண்படலத்தையும் துளைத்து, பூப்பெலும்புக்கு மேலுள்ள தோலில் முடியும். இலியோஇங்குவினல் அதற்குச் சற்றுக் கீழே இணையாகவே வந்து இன்டெர்னல் ஒப்ளிக்கைத் துளைத்து இங்குவினல் கால்வாய்க்குள் இறங்குகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். இங்குவினல் கால்வாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளம், உள் வளையம், வெளி வளையம் என இரண்டு வாய்கள். இலியோஇங்குவினல் உள் வளையம் வழியாக வருவதில்லை. பக்கச் சுவரைத் துளைத்து நடுவழியில் ஏறிக்கொண்டு, வெளி வளையம் வழியாக வெளியேறுகிறது. உள் வளையத்தின் வழியே முறையாக நுழைவது ஜெனிட்டோஃபெமோரலின் ஜெனிட்டல் கிளை. தேர்வில் கேட்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. திறந்த முறைக் குடலிறக்க அறுவையில் எக்ஸ்டெர்னல் ஒப்ளிக் படலத்தைப் பிளந்ததும், விந்துவடத்தின் முன்பக்கத்தில், அந்தப் படலத்தின் உட்புறத்தோடு ஒட்டினாற்போல் இலியோஇங்குவினல் கிடக்கும். கத்தரிக்கோலை ஆழமாக விட்டால் முதல் வெட்டிலேயே அது போய்விடும். சற்று மேலே, இன்டெர்னல் ஒப்ளிக்கின் முகப்பில் இலியோஹைப்போகேஸ்ட்ரிக். ஜெனிட்டல் கிளை வடத்துக்குப் பின்னால், விதையைத் தூக்கும் கிரிமாஸ்டர் தசையின் இரத்தக்குழாய்களோடு ஓடும்; அங்கே தெரியும் மெல்லிய நீலக் கோடுதான் அதற்கு அடையாளம். மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் குடலிறக்கத்தை அடைக்கும் வலையைத் தைக்க வேண்டும். தையலில் மாட்டிய நரம்பு மாதக்கணக்கில் எரியும். தொடையின் உள் மேற்பகுதியிலும் விதைப்பையிலும், பெண்களுக்கு வெளி இதழிலும் சுருக்கென்று குத்தும்.

லேப்ராஸ்கோப்பியில் காட்சி தலைகீழ். உள்ளிருந்து பார்க்கும்போது, உள் வளையத்துக்கு வெளிப்பக்கமாக, இலியோபியூபிக் பட்டைக்குக் கீழே, விதைக்குப் போகும் இரத்தக்குழாய்களுக்கு வெளியே ஒரு முக்கோணம் இருக்கிறது. அதற்கு வலி முக்கோணம் என்றே பெயர். வெளித்தொடைத் தோல் நரம்பு, ஜெனிட்டோஃபெமோரலின் ஃபெமோரல் கிளை, ஃபெமோரல் நரம்பு மூன்றும் அதற்குள் அடக்கம். அங்கே ஒரு பின்கூட அடிக்கக் கூடாது.

மற்ற வெட்டுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். பிரசவ அறுவையின் குறுக்கு வெட்டை ரெக்டஸின் வெளி விளிம்பைத் தாண்டி நீட்டினால் எல்1-இன் இரு நரம்புகளும் ஆபத்தில். குடல்வால் அறுவையில் இவை வெட்டுப்பட்டால் கீழ்த்தசைகளின் வலு குறைந்து, பின்னாளில் அதே பக்கம் குடலிறக்கம் வரலாம். இவை வெறும் தோல் நரம்புகள் அல்ல. இன்டெர்னல் ஒப்ளிக்கும் டிரான்ஸ்வெர்சஸும் தொடையிடுக்கில் இறுகி நிற்பது இவற்றால்தான்.

மரப்பு ஊசி போடுபவர்களுக்கு: இடுப்பெலும்பின் முன் முனையிலிருந்து 2 செ.மீ. உள்ளே, 2 செ.மீ. மேலே என்பது வழக்கமான புள்ளி. ஆனால் அல்ட்ராசவுண்ட் இல்லாமல் இறங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஊசி மேலோட்டமாக நின்றால் மருந்து பயனில்லாத தளத்தில் பரவும். ஆழம் போனால் டிரான்ஸ்வெர்சஸைத் தாண்டிவிடும். அதற்கு உள்ளிருக்கும் படலம் கீழே இலியாக்கஸின் உறையோடு தொடர்ச்சியானது என்பதால், மருந்து வழிந்து ஃபெமோரல் நரம்பை எட்டும். வயிற்றுக்குப் போட்ட ஊசியால் அவர் எழுந்து நடக்கும்போது முழங்கால் மடிந்து விழுவார். ஊசிக்குப் பிறகு நடக்கவிடும் முன் ஒருமுறை முழங்காலை நீட்டச் சொல்லிப் பாருங்கள்.

படி 4: ஜெனிட்டோஃபெமோரல், சுருக்கமாக

சோவாஸின் முன் பரப்பில் இறங்கி இரண்டாகப் பிரியும். ஜெனிட்டல் கிளையைப் பார்த்துவிட்டோம். ஆணில் கிரிமாஸ்டர் தசையை இயக்குவது அதுவே. ஃபெமோரல் கிளை, தொடையிடுக்கின் குறுக்கே ஓடும் நார்ப்பட்டையான இங்குவினல் லிகமென்ட்டின் அடியில், தொடைத் தமனியின் வெளிப்பக்கமாக, அதன் உறைக்குள்ளேயே நுழைந்து, தொடையிடுக்குக்குக் கீழே உள்ளங்கை அளவுத் தோலுக்கு உணர்ச்சி தருகிறது. தொடையின் உள் மேற்பகுதியைத் தடவினால் அதே பக்க விதை மேலேறும். உணர்ச்சி போவது இந்த ஃபெமோரல் கிளையும் இலியோஇங்குவினலும் வழியாக. பதில் திரும்புவது ஜெனிட்டல் கிளை வழியாக. விதை முறுக்கிக்கொண்ட சிறுவனுக்கு இந்த அனிச்சைச் செயல் பெரும்பாலும் மறைந்துவிடும். இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முறுக்கல் இல்லை என்று அனுப்பிவிடக் கூடாது.

படி 5: வெளித்தொடைத் தோல் நரம்பு

நின்றுகொண்டு இடுப்பின் முன்பக்கத்தில் துருத்தும் எலும்பு முனையைத் தொடுங்கள். அதிலிருந்து பெரும்பாலும் 1 முதல் 2 செ.மீ. உட்பக்கம், லிகமென்ட்டின் அடியிலோ அதன் இழைகளுக்கு நடுவிலோ இந்த நரம்பு தொடைக்குள் வருகிறது. இலியாக்கஸின் மேல் குறுக்காக வந்து, இங்கே திடீரென்று கீழ்நோக்கித் திரும்புகிறது. அந்தத் திருப்பமும் லிகமென்ட்டின் இறுக்கமும் சேர்ந்ததே இதன் துயரம். சிலரிடம் எலும்பு முனையின் மேலேயே, இன்னும் சிலரிடம் அதற்கு வெளியேகூடக் கடக்கும். இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துண்டு எடுப்பவர்களும், முன்பக்கமாக இடுப்பு மூட்டு மாற்றுபவர்களும் இந்த மாறுபாட்டை எதிர்பார்த்தே கத்தி வைக்க வேண்டும்.

1895-இல் பெர்ன்ஹார்ட்டும் ரோத்தும் விவரித்த மெரால்ஜியா பாரஸ்தெடிகா இந்த நரம்பின் நோய்தான். இறுக்கமான பெல்ட், உடல் பருமன், கர்ப்பம், நீரிழிவு, நீண்ட நேரம் குப்புறப் படுக்க வைத்த அறுவை ஆகியவை வழக்கமான காரணங்கள். நோயாளி உள்ளங்கையை விரித்து, பேன்ட் பாக்கெட்டில் கை விடும் இடத்தில் தொடையின் வெளிப்பக்கத்தைத் தேய்த்துக் காட்டுவார். எரிச்சல், மரப்பு, துணி பட்டாலே கூச்சம். இது முழுக்க உணர்ச்சி நரம்பு. ஒரு தசைக்கும் போவதில்லை. ஆகவே வலுவும் முழங்கால் அனிச்சையும் முழுமையாக இருக்க வேண்டும். அவற்றில் எது குறைந்தாலும் இந்த நோயின் பெயரை எழுதாதீர்கள், மேலே தேடுங்கள். சிகிச்சையில் முதலில் செய்ய வேண்டியது பெல்ட்டைத் தளர்த்துவதும் எடையைக் குறைப்பதும். பலருக்கு அதுவே போதும்.

படி 6: ஃபெமோரல் நரம்பு

லும்பார் பின்னலின் மிகப் பெரிய கிளை. சோவாஸுக்கும் இலியாக்கஸுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கி, இலியாக்கஸுக்குப் போகும் கிளைகளை வயிற்றுக்குள்ளேயே கொடுத்துவிட்டு, லிகமென்ட்டின் அடியில் தொடைக்குள் வருகிறது. தொடையிடுக்கின் நடுவே தமனித் துடிப்பைத் தொடுங்கள். அதிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே, சற்று ஆழத்தில் நரம்பு. வெளியிலிருந்து உள்ளே வரிசை எப்போதும் நரம்பு, தமனி, சிரை.

தமனியும் சிரையும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. நரம்பு அந்த உறைக்கு வெளியே, இலியாக்கஸின் படலத்துக்கு அடியில் இருக்கிறது. உடற்கூறு மேசையில் உறைக்குள்ளேயே துழாவி, நரம்பைக் காணோம் என்பவர்கள் இந்தப் படலத்தைத் திறந்திருக்க மாட்டார்கள். மரப்பு ஊசியின் தத்துவமும் இதுவே. இடுப்பின் முன் எலும்பு முனையையும், பூப்பெலும்பின் மேலுள்ள புடைப்பான பியூபிக் டியூபர்கிளையும் ஒரு கோட்டால் இணைத்து மூன்றாகப் பிரியுங்கள். வெளி மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்துக்கு 1 செ.மீ. கீழே ஊசியை இறக்கினால், முதலில் தொடைப் படலமும் பிறகு இலியாக்கஸ் படலமும் ‘பட்’ ‘பட்’டென விலகுவது கைக்குத் தெரியும். ஒன்றோடு நிறுத்தினால் மருந்து நரம்பைச் சேராது.

லிகமென்ட்டுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. கீழே நரம்பு விசிறி போல விரிகிறது. சார்ட்டோரியஸ் தசைக்கும், முன் தொடையின் நடு, உள் பகுதித் தோலுக்கும், முழங்காலை நீட்டும் குவாட்ரிசெப்ஸின் நான்கு தலைகளுக்கும் தனித்தனிக் கிளைகள். தசைக்கிளைகளை விட்டு ஒரு நீண்ட கிளை மட்டும் தொடையின் உட்பக்கத்திலுள்ள அடக்டர் கால்வாய் வழியே முழங்காலைத் தாண்டிப் போகிறது. அது சஃபீனஸ், கெண்டைக்காலின் உட்பக்கம் வழியாகப் பாதத்தின் உள் விளிம்பு வரை உணர்ச்சி தரும். தொடை நரம்பில் கோளாறா என்று பார்க்கக் கணுக்காலின் உட்பக்கத்தையும் தொட்டுப் பார்ப்பது இதனால்தான். முழங்கால் மூட்டு மாற்றியவர்கள் தழும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு திட்டு மரத்திருப்பதாகச் சொல்வார்கள். சஃபீனஸின் ஒரு குறுக்குக் கிளை வெட்டுப்பட்டதன் விளைவு அது.

படி 7: ஆப்டுரேட்டர் நரம்பு

சோவாஸின் உள் விளிம்பில் தொடங்கி, இடுப்புக் குழியின் பக்கச் சுவரோடு ஓடி, ஆப்டுரேட்டர் துவாரத்தின் மேல் மூலையிலுள்ள குறுகிய கால்வாய் வழியே தொடையின் உட்பக்கத்துக்கு வருகிறது. அங்கே, தொடைகளைச் சேர்க்கும் அடக்டர் தசைகளில் ஒன்றான அடக்டர் பிரெவிஸை முன்னும் பின்னுமாக அணைத்தபடி இரண்டாகிறது. முன்கிளை அடக்டர் லாங்கஸ், பிரெவிஸ், கிராசிலிஸ் தசைகளுக்கு. பின்கிளை ஆப்டுரேட்டர் எக்ஸ்டெர்னஸுக்கும் அடக்டர் மேக்னஸுக்கும். மேக்னஸின் பின்பகுதி மட்டும் சயாட்டிக்கின் பங்கு. தோலில் இதற்கான பரப்பு ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு இருப்பதே இல்லை. ஆகவே தோலைத் தொட்டு இதைச் சோதிக்காதீர்கள், தொடைகளைச் சேர்க்கும் வலுவைப் பாருங்கள்.

இடுப்புக் குழியில் இது சிறுநீர்ப்பையின் பக்கச் சுவருக்கு மிக அருகில் போகிறது. சிறுநீர்ப்பைக் கட்டியை மின்கத்தியால் சுரண்டும்போது மின்சாரம் நரம்பைத் தூண்டினால் தொடை சட்டென்று உள்ளே உதறும். அந்த உதறலில் கத்தி பையின் சுவரை ஓட்டை போட்டுவிடும். முதுகில் போட்ட மரப்பு ஊசி இதைத் தடுக்காது, ஏனெனில் தூண்டப்படுவது அந்த மருந்து படும் இடத்தைத் தாண்டிய நரம்பு. முன்கூட்டியே ஆப்டுரேட்டரை மரக்கச் செய்வது அதற்காக.

மெலிந்த, வயதான பெண்ணுக்குக் குடல் அடைப்பும், கூடவே உள்தொடை வலியும் இருந்து, காலைப் பின்னால் நீட்டி உட்புறமாகத் திருப்பும்போது அந்த வலி கூடினால், ஆப்டுரேட்டர் கால்வாயில் குடல் சிக்கியிருக்கலாம். தொடையிடுக்கில் வீக்கம் தெரியாது என்பதால் தவறவிடுவது எளிது.

இன்னொன்று. இடுப்பு மூட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் இந்த நரம்பும் ஃபெமோரலும் பொதுவாகக் கிளை கொடுக்கின்றன. இடுப்பில் நோய் இருக்க முழங்கால் வலிப்பது அதனால்தான். வளரும் பருவத்துப் பிள்ளை முழங்கால் வலியோடு நொண்டி வந்து, முழங்கால் எக்ஸ்ரே சரியாக இருந்தால், தொடையெலும்பின் தலை நழுவியிருக்கிறதா என்று இடுப்பைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பின் தொடையை இங்கே விரிக்கவில்லை. அதன் தோலுக்கு எஸ்1 முதல் எஸ்3 வரையிலான தனி நரம்பு, தசைகளுக்குச் சயாட்டிக் என்று குறித்துக்கொண்டால் போதும்.

படி 8: படுக்கையருகே ஐந்து நிமிடம்

முதலில் நோயாளியிடம் ஒரு பேனாவைக் கொடுத்து, மரத்த இடத்தை அவர் கையாலேயே தோலில் வரையச் சொல்லுங்கள். பிறகு பஞ்சாலும், மழுங்கிய ஊசியாலும் மரத்த பகுதியிலிருந்து வெளியே நகர்த்தி எல்லையைச் சரிபாருங்கள். வெளித்தொடையில் நடுக்கோட்டைத் தாண்டாத, கூர்மையான எல்லை என்றால் தோல் நரம்பு. மங்கலான எல்லையோடு பட்டையாகச் சாய்ந்து இறங்கினால் வேர்.

அடுத்து வலு. முழங்காலை நீட்டும் வலு குறைந்திருக்கிறதா? அப்படியென்றால் உடனே தொடைகளைச் சேர்க்கச் சொல்லி எதிர்த்துப் பிடியுங்கள். குவாட்ரிசெப்ஸ் ஃபெமோரலின் பங்கு, அடக்டர்கள் ஆப்டுரேட்டரின் பங்கு. ஆனால் இரண்டுக்கும் வேர்கள் எல்2 முதல் எல்4 வரை ஒன்றே. சேர்க்கும் வலு நன்றாக இருந்தால் கோளாறு ஃபெமோரல் நரம்பில். இரண்டும் தளர்ந்திருந்தால் பின்னலிலோ வேரிலோ. எங்கள் பார்வையில் இந்தப் பரிசோதனையிலேயே மிகப் பயனுள்ள அசைவு இதுதான், மிக அதிகமாக விட்டுப்போவதும் இதுதான். ஃபெமோரல் என்று முடிவானால், இடுப்பை மடக்கும் வலுவைப் பாருங்கள். அதுவும் குறைந்திருந்தால் சேதம் லிகமென்ட்டுக்கு மேலே, வயிற்றுக்குள். அது நன்றாக இருந்து முழங்கால் மட்டும் தளர்ந்திருந்தால் லிகமென்ட்டின் மட்டத்திலோ கீழேயோ. கால்களை உயர்த்தி அகட்டி வைத்து நடந்த நீண்ட பிரசவமோ அறுவையோ சமீபத்தில் இருந்ததா என்று கேளுங்கள். வேர் என்று தோன்றினால் பாதத்தை மேலே தூக்கச் சொல்லுங்கள். எல்4 அதிலும் பங்கு வகிக்கிறது, ஃபெமோரலுக்கு அதில் வேலையே இல்லை.

முழங்கால் அனிச்சையை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். பிறகு குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்கி, தொடையை மெல்லப் பின்னால் தூக்குங்கள். முன் தொடையில் அவருக்குப் பழகிய அதே வலி எழுந்தால் எல்2 முதல் எல்4 வரையிலான வேர்கள் இழுபடுகின்றன. வெறும் தசை இறுக்கத்தை வலி என்று எழுதிவிடாமல், அவர் வந்த வலி இதுதானா என்று கேட்டே குறியுங்கள்.

இரண்டு தொடைகளும் சேர்ந்து தளர்ந்தாலோ, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, மேற்சொன்ன நரம்புகளில் எதையும் தேட வேண்டாம். முதுகெலும்புக்குள் நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குகிறது. அன்றைக்கே எம்ஆர்ஐ எடுக்க அனுப்புங்கள்.